பிழை திருத்தம்

கூர்ப்பு. நாலாம் வினா, பகுதி ஆ.
நாற்பத்தொரு விடைத்தாள்.
பொன்னாலைப் பாலத்தின் நட்டநடுவில்
காரைநகர் பஸ்சுக்குப் பின்சில்லு போனதால்
கடலுக்கு மேலே இருந்து திருத்துகிறேன்.

நிரோஜிதன் எழுதியிருக்கிறான்,
மூன்றாம் முறை சோதனை எடுக்கும் நிரோஜிதன்,
காற்றுக்குச் சரிந்த வடலிகள் போல
எழுத்தெல்லாம் ஒரு பக்கம் சாய:
"சேற்றில் வாழ வேண்டும் என்று
உளுவை மீன் ஆசைப்பட்டது.
ஆகவே அதற்குக் கால் முளைத்தது."

முதலாவது, அது கால் இல்லை மோனே, செட்டை.
இரண்டாவது, ஆசை.
அந்தச் சொல்லைச் சுற்றிச்
சிவப்பில் ஒரு வட்டம்.

ஆசையால் முளைக்குமென்றால்
உன் அப்பருக்குச் செவுள் அல்லவோ முளைத்திருக்க வேணும்,
முப்பது வருஷம் கடலட்டைக்கு முழுகியவருக்கு,
காதுக்குள் இரத்தம் கசியக்
கரையில் குந்தியிருந்து இருமியவருக்கு.
அவருடைய பிள்ளை நீ
எல்லாரையும் போலத்தான் பிறந்தாய்.
ஐந்து வயதில் வாய்க்காலில் தாழப் பார்த்தாய்.
முழுகிய உடம்பின் கணக்கு
ஒரு வரிகூட உன்னிடம் வந்து சேரவில்லை.

கண்டக்டர் ஜக்கைத் தேடுகிறார்.
பாலத்துக் கல்லுக்குக் கீழே வத்துக்கடல்.
சேறு முழுக்கக் கண்கள்,
தலைக்கு மேலே தூக்கி வைத்த கண்கள்.
வெயில் சுட்டதும் அவற்றைக் குழிக்குள் இழுத்து
நனைத்து எடுத்து
மறுபடி வெளியே வைக்கிறது உளுவை.
செவுளறையில் கொஞ்சம் கடல்.
தோல் காயாமல் ஒரு புரளல்.
முன்செட்டை இரண்டையும் ஊன்றி
ஊன்றி
ஊன்றி.

எப்போதோ, எந்தக் களப்பிலோ,
கலத்துக்குள் படியெடுத்த எழுத்தில்
ஏதோ ஒன்று மாறி விழுந்திருக்கும்.
கண் ஒரு மயிரளவு மேலே.
செட்டையின் எலும்பு ஒரு மயிரளவு தடிப்பு.
வேறு ஆயிரம் குஞ்சுகளுக்கு வேறு ஆயிரம் மாற்றம்;
அநேகம் ஒன்றுக்கும் உதவாதவை,
சில கொன்றவை.
பேனை பிடித்து எவரும் திருத்தவில்லை.
வெயில் திருத்தியது.
கொக்கு திருத்தியது,
புள்ளி போடாமல்,
விழுங்கி.
அந்த ஒன்று மட்டும்
தண்ணீர் வற்றிய நாளில்
வற்றாமல் கிடந்தது.

ஓரத்தில் "பிழை" என்று எழுதப் போனேன்.
ழையன்னாவில் பேனை நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று
ஆள் பிழைக்குமோ என்று கேட்டதும் இந்தச் சொல்லால்தான்.
எப்படியோ பிழைத்துக்கொள்ளுவான் என்று
கொழும்புக்கு பஸ் ஏற்றி விட்டதும் இதனால்தான்.
தவறினாலும் பிழைத்தது,
தப்பினாலும் பிழைத்தது.
இருபது வருஷமாய் ரியூசன் கொட்டிலில்
விகாரம், தேர்வு, இசைவாக்கம் என்று
தொண்டை வறளப் படிப்பித்தவளுக்கு
இது ஏன் இவ்வளவு நாளும் கேட்கவில்லை?
பிழைத்தது
பிழைத்தது.

ஆனாலும் புள்ளித்திட்டத்தில்
இதற்கு இடமில்லை.
பூச்சியம் போட்டேன்.
"செட்டை எனத் திருத்துக" என்று எழுதி,
பிறகு கீழே சின்னதாய்:
ஞாயிறு வகுப்புக்குப் பிறகு நில். பேச வேணும்.
என்ன பேசுவேன் என்று தெரியாது.

தூரத்தில் பூநாரைகள், ஒரு முப்பது இருக்கும்,
தலையைக் கவிழ்த்து
மேல்சொண்டைக் கீழே போட்டு
சேற்றுத் தண்ணியை அரித்துக்கொண்டு நிற்கின்றன.
தலைகீழாய்த் தின்ன வளைந்த சொண்டு.
அதைப் பற்றி வினா வருவதில்லை.

"ஏறுங்கோ ரீச்சர், சரி."

பாலத்துக் கல்லின் சரிவில்
ஒரு உளுவை ஏறிக்கொண்டிருந்தது.
பாசி வழுக்கி விழுந்தது.
ஏறியது, விழுந்தது.
மூன்றாம் தரம் பாதிக் கல் வரை வந்து
கண்ணை உள்ளே இழுத்தது.

பஸ் எடுபட்டுவிட்டது.